சிவப்பு வந்தால் இதயத்தில் கோளாறா?

கேள்வி: எனக்கு வயது 43. கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. பதற்றப் பிரச்சினைக்காகத் தினமும் புரோப்ரனலால் மாத்திரை எடுக்கிறேன். ஆலோசகர் ஒருவர் சொல்லி, மெதுவாக மூச்சுவிடும் பயிற்சிக்காகக் காதில் மாட்டும் இதயத் துடிப்பு சென்சார் வாங்கினேன். மூச்சு சீராக இருந்தால் திரையில் பச்சை வரும், இல்லாவிட்டால் சிவப்பு. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே திடீரென்று சிவப்பாகிவிடுகிறது. என் கணவர் தன் போனில் அதற்கான செயலியை ஏற்றி, டிவி பார்த்துக்கொண்டே மாட்டினார். அவருக்கு முழுக்கப் பச்சை! அதற்குப் பிறகு எனக்குப் பாதி நாள் இணைப்பே கிடைப்பதில்லை. நிறுவனத்துக்கு எழுதினால், செயலியை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள் என்று ஒரே பதில். பச்சை வரவைக்க ஆழமாக மூச்சிழுத்தால் தலை கிறுகிறுத்து உதடு மரத்துப்போகிறது. சலித்துப்போய் மார்புப் பட்டை ஒன்றும் வாங்கினேன். வேறொரு செயலியில் அது ஒரு நாள் 28 என்கிறது, மறுநாள் 90 என்கிறது. பதற்றம் குறையத்தான் வாங்கினேன், இப்போது இதைப் பார்த்தாலே பதற்றம். சில சமயம் நெஞ்சில் ஒரு துடிப்பு தாண்டுகிற மாதிரியும் இருக்கிறது. கோளாறு என் இதயத்திலா, கருவியிலா? தூக்கிப் போட்டுவிடவா, இன்னும் விலை கூடியதாக ஒன்று வாங்கவா?

பதில்:

மற்றதெல்லாம் இருக்கட்டும், முதலில் அந்தக் கிறுகிறுப்பு. பச்சைக்காக ஆழமாக இழுப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். உடம்புக்குத் தேவையானதைவிட அதிகமாகக் காற்றை உள்ளே வெளியே தள்ளும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும். தலை சுற்றுவது அதனால்தான். உதடும் விரல்நுனியும் மரத்துப்போவதும் கரியமில வாயு குறைவதால்தான். பதற்றம் உள்ளவருக்கு இதே அறிகுறிகள் 'ஏதோ ஆகப்போகிறது' என்ற பயத்தைக் கிளப்பிவிடும். இந்தப் பயிற்சியில் மூச்சு மெதுவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பெரிதாக இருக்க வேண்டியதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு இழுப்பீர்களோ ஏறக்குறைய அவ்வளவே போதும், எடுத்துக்கொள்ளும் நேரம் மட்டும் நீளட்டும். இதை எத்தனை செயலிகள் தெளிவாகச் சொல்கின்றன என்று பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பந்து மேலே போகிறது, கீழே வருகிறது, 'இழுங்கள், விடுங்கள்' என்கிறது. எவ்வளவு இழுப்பது என்று சொல்வதில்லை.

இப்போது சிவப்புக்கு வருவோம்.

மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கும், வெளியே விடும்போது வேகம் குறையும். இது இயல்பு. ஜெர்மன் உடலியலாளர் கார்ல் லுட்விக் 1847-லேயே இதைப் பதிவு செய்துவிட்டார். நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 மூச்சு என்ற அளவுக்கு மெதுவாக்கினால் இந்த ஏற்ற இறக்கம் நன்றாகப் பெரிதாகும். ரத்த அழுத்தத்தைச் சமன்செய்ய நம் உடலில் ஓர் அனிச்சைச் செயல் இருக்கிறது. அதன் சுற்றும் ஏறக்குறைய பத்து விநாடிதான். இரண்டும் ஒத்துப்போகும்போது அலை பெரிதாகிறது. பால் லெரர், எவ்கெனி வாஷில்லோ ஆகிய ஆய்வாளர்கள் இதை வைத்துத்தான் இந்த மூச்சுச் சிகிச்சை முறையை வகுத்தார்கள். ஒத்துப்போகும் அந்த வேகம் ஆளுக்கு ஆள் மாறும். பெரியவர்களில் நிமிடத்துக்கு 4.5 முதல் 6.5 வரை எங்கேயும் இருக்கலாம். உங்கள் செயலி எல்லாருக்கும் ஒரே வேகத்தில் பந்தை ஆட்டினால், அந்த வேகம் உங்களுக்குப் பொருந்தாமலும் இருக்கலாம். அமைப்புகளில் வேகத்தை மாற்ற முடிகிறதா பாருங்கள். கொஞ்சம் கூட்டிக் குறைத்து, எதில் மூச்சு சிரமமில்லாமல் ஓடுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் 'நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே திடீரென்று' என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு வேகம் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் கருவி ஒரு துடிப்பைத் தவறவிட்டிருக்கும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பதால் சட்டென்று பிடிபடும்.

நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 800 மில்லிவிநாடி. நடுவில் ஒன்றைக் கருவி பார்க்காமல் விட்டால், 800, 800 என்று இரண்டாக வரவேண்டியது 1600 என்று ஒன்றாகப் பதிவாகும். திரையில் இதயம் ஒரே துடிப்பில் 75-இலிருந்து 37-க்கு விழுந்து, அடுத்ததிலேயே மறுபடி 75-க்கு ஏறியதாகத் தெரியும். அழகாக ஓடிக்கொண்டிருந்த அலையின் நடுவில் ஒரு செங்குத்துப் பள்ளம். அதைப் பார்த்த செயலி, 'சீர் குலைந்துவிட்டது' என்று சிவப்பைப் போடும். இதில் இன்னொரு கொடுமை, பல செயலிகள் கடைசி ஒரு நிமிட அளவைத் திரட்டித்தான் மதிப்பெண் போடுகின்றன. ஒரு துடிப்பு விடுபட்டால், அந்தப் பள்ளம் கணக்கை விட்டு வெளியேறும்வரை நீங்கள் என்ன செய்தாலும் சிவப்புதான். அந்த ஒரு நிமிடமும் நீங்கள் 'எங்கே தப்பு செய்தேன்' என்று தவித்துக்கொண்டிருப்பீர்கள். தவிப்பில் மூச்சு நிஜமாகவே மாறிவிடும், அப்புறம் சிவப்பும் நிஜமாகிவிடும்.

மார்புப் பட்டையின் 28-ம் 90-ம் இதே கதையாக இருக்கலாம். இந்த வகைச் செயலிகளில் வரும் எண் துடிப்பு எண்ணிக்கை அல்ல; துடிப்பு இடைவெளிகள் எவ்வளவு மாறுகின்றன என்று சொல்வது. பெரும்பாலும் ஆர்எம்எஸ்எஸ்டி என்ற கணக்கு, அல்லது அதிலிருந்து பெறப்பட்டது. அடுத்தடுத்த இரண்டு இடைவெளிகளுக்கு உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் காண்பார்கள். வர்க்கமாக்குவதால் ஒரு பெரிய தவறு மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். உங்கள் உண்மையான அளவு 30 என்று வைத்துக்கொள்வோம். 5 நிமிடப் பதிவில், 370-க்கும் மேற்பட்ட துடிப்புகளில், ஒன்றே ஒன்று விடுபட்டாலும் விடை 65-ஐத் தொட்டுவிடும். 1 நிமிடப் பதிவாக இருந்தால் 130-ஐத் தாண்டும். ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்த எண் அதிகமாக இருந்தால் நல்லது என்று அந்தச் செயலி சொல்லும். ஆக, விடுபட்ட துடிப்புக்குக் காதுக் கிளிப்பின் செயலி உங்களைத் திட்டுகிறது, மார்புப் பட்டையின் செயலி அதே தவறுக்குப் பாராட்டுகிறது. உங்களுக்கு 90 வந்த நாள் நல்ல நாளும் இல்லை, 28 வந்த நாள் கெட்ட நாளும் இல்லை. நல்ல செயலிகள் இப்படிப்பட்ட இடைவெளிகளைக் கண்டுபிடித்து ஒதுக்கும், எத்தனை ஒதுக்கினோம் என்றும் காட்டும். உங்களுடையதில் அப்படி ஒரு விவரம் வருகிறதா என்று தேடுங்கள். மூன்று நான்கு சதவீதத்துக்கு மேல் ஒதுக்கியதாகக் காட்டினால் அந்த நாள் எண்ணைப் பார்க்கவே வேண்டாம்.

உங்கள் கணவரின் பச்சையைப் பற்றி. அவருடைய இதயம் உங்களுடையதைவிட ஒழுங்கு என்று அதற்குப் பொருள் இல்லை. அவர் பச்சையை எதிர்பார்க்காமல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், அது ஒன்று. அவருக்குக் காது குத்தியிருக்காது என்பது இன்னொன்று, சொல்லப்போனால் இதுதான் முக்கியமாக இருக்கக்கூடும். கிளிப் ஒரு பக்கத்திலிருந்து காது மடலுக்குள் ஒளியைச் செலுத்தி, ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் வந்து நிறையும்போது அந்த ஒளி எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கிறது. மாற்றம் மிகச் சிறியது. தோட்டுக்காகக் குத்திய ஓட்டையின் மேலேயே கிளிப் உட்கார்ந்தால், ஒளி சதைக்குள் போகாமல் ஓட்டை வழியாகவே வெளியே வந்துவிடும். தோட்டைக் கழற்றாமல் பக்கத்தில் மாட்டினால், தலையை அசைக்கும்போது உலோகம் இடிக்கும். இந்தக் கருவிகளை வடிவமைத்தவர்கள் நம் ஊர்ப் பெண்களின் காதுகளை மனதில் வைத்துச் செய்யவில்லை என்று தோன்றுகிறது.

தோட்டைக் கழற்றிவிடுங்கள். காது மடலை விரலால் அரை நிமிடம் நன்றாகத் தேய்த்துச் சூடாக்குங்கள். ஏசி அறையில் அல்லது காற்றாடிக்கு நேர் கீழே உட்கார்ந்தால் காது குளிர்ந்து ரத்த ஓட்டம் சுருங்கும், கருவிக்குத் துடிப்பே தெரியாது. ஓட்டையை விட்டு விலக்கி, மடலின் சதைப்பற்றான இடத்தில் கிளிப்பை மாட்டுங்கள். இறுக்கமாகக் கவ்வினால் அந்த இடத்து ரத்தமே ஒதுங்கிவிடும், தொளதொளவென்று இருந்தாலும் ஆகாது. ஒயர் இருந்தால் அதைச் சட்டைக் காலரிலோ துப்பட்டாவிலோ குத்தி வையுங்கள், ஒயரின் எடை கிளிப்பை இழுக்கக் கூடாது. ஜன்னல் வெயில் காதில் நேராக விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேசினாலும் மென்றாலும் எச்சில் விழுங்கினாலும் மடல் அசையும்.

மார்புப் பட்டை வேறு வழியில் வேலை செய்கிறது. இதயத்தின் மின்சாரத்தையே அது பிடிக்கிறது, ஈசிஜி மாதிரி. அதனால் சரியாகக் கட்டினால் காதுக் கிளிப்பைவிட நம்பகமானது. 'சரியாக' என்பதில்தான் விஷயம். பட்டையின் உட்புறம் தோலில் படும் இரண்டு இடங்களையும் தண்ணீரில் நன்றாக நனைக்க வேண்டும். உலர்ந்த பட்டை எதையும் சரியாகப் பிடிக்காது. ஓடுகிறவருக்கு வியர்வையே அந்த வேலையைச் செய்துவிடும், அசையாமல் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி செய்பவருக்கு வியர்க்காது. உள்ளாடையின் பட்டைக்குக் கீழே, தோலோடு ஒட்டி, நகராத அளவுக்கு இறுக்கமாக இருக்கட்டும். பயிற்சி முடிந்ததும் நடுவில் உள்ள சென்சாரைப் பட்டையிலிருந்து கழற்றிவிடுங்கள். ஈரப் பட்டையில் மாட்டியபடியே விட்டால், அது இன்னும் உடம்பில் இருப்பதாக நினைத்து பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். பேட்டரி இறங்க ஆரம்பித்தாலும் துடிப்புகள் விட்டுவிட்டு வரும். பலவற்றில் உள்ளே இருப்பது சாதாரண பட்டன் பேட்டரிதான், கடிகாரக் கடையில் கிடைக்கும். பட்டையை அவ்வப்போது அலசுங்கள், உப்புப் படிந்தால் கெட்டுவிடும்.

இணைப்பு விஷயத்தில் உங்கள் கடிதத்திலேயே ஒரு துப்பு இருக்கிறது. கணவர் தன் போனில் செயலியை ஏற்றிய பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது என்கிறீர்கள். இந்த சென்சார்களில் பல, ஒரு நேரத்தில் ஒரே ஒரு போனோடுதான் பேசும். அவர் வீட்டில் இருக்கும்போது அவருடைய போன் முந்திக்கொண்டால், உங்கள் போனுக்கு அது கண்ணிலேயே படாது. அவர் போனிலிருந்து செயலியை நீக்கிவிட்டு ஒரு வாரம் பாருங்கள். உங்கள் போனின் ப்ளூடூத் அமைப்புகளில் இந்த சென்சாரை நேரடியாக இணைத்து வைத்திருந்தால் அதையும் நீக்கிவிட்டு, செயலிக்குள்ளிருந்து மட்டும் இணையுங்கள். ஆண்ட்ராய்டு 11 வரையுள்ள போன்களில் இருப்பிட அனுமதி கொடுக்காவிட்டால் ப்ளூடூத் தேடலே நடக்காது. 12-இலிருந்து 'அருகிலுள்ள சாதனங்கள்' என்று தனி அனுமதி. கூடவே, பேட்டரியை மிச்சப்படுத்தும் அமைப்பிலிருந்து இந்தச் செயலிக்கு விலக்கு கொடுங்கள். இல்லாவிட்டால் திரை அணைந்ததும் போனே செயலியைத் தூங்கவைத்துவிடும், நீங்கள் சென்சாரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். நிறுவனத்தின் பதிலில் இதில் ஒரு வரிகூட இல்லாதது உங்கள் தவறில்லை.

இதெல்லாம் செய்த பிறகும் சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை. கணவரை உங்கள் மணிக்கட்டில் நாடி பிடித்து ஒரு நிமிடம் எண்ணச் சொல்லுங்கள், அதே நிமிடத்தில் திரையில் என்ன வருகிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று வித்தியாசம் பரவாயில்லை. திரை பாதியையோ இரட்டிப்பையோ காட்டினால் பெரும்பாலும் கருவியில்தான் பிரச்சினை. மதிப்பெண்ணைத் தவிர்த்துவிட்டு, துடிப்பின் வரைபடத்தைப் பார்க்கும் வசதி இருந்தால் அதையே பாருங்கள். உருண்டையான மேடு பள்ளம் இதயத்தின் வேலை. ஊசி மாதிரி நட்டுக்குத்தாக நிற்பது பெரும்பாலும் கருவியின் வேலை.

விலை கூடியது வாங்கலாமா என்றால், இப்போது வேண்டாம். உங்களிடம் மார்புப் பட்டை இருக்கிறது, அதைச் சரியாகப் பயன்படுத்தினாலே போதும். அது துடிப்பு இடைவெளிகளைப் பொதுவான ப்ளூடூத் முறையில் அனுப்புகிற வகையா என்று மட்டும் பாருங்கள். போலார் எச்10 போன்ற பட்டைகள் அப்படி அனுப்புவதால் பல செயலிகளோடு ஒத்துப்போகும். ஒரு நிறுவனத்தின் செயலியோடு மட்டுமே பேசும் சென்சாரில் ஆபத்து அதிகம். போனில் புதிய பதிப்பு வந்து அந்தச் செயலி ஓடாமல் போனாலோ, நிறுவனம் சந்தாவை உயர்த்தினாலோ, கையில் இருப்பது வெறும் கிளிப். இன்னொன்று, கைக்கடிகாரத்தை இதற்கு மாற்றாக வாங்கிவிடாதீர்கள். பல கடிகாரங்கள் செயலிக்கு அனுப்புவது சராசரியாக்கிய துடிப்பு எண்ணிக்கையை மட்டும்தான். மூச்சோடு சேர்ந்து வரும் சின்ன அலைகள் அந்தச் சராசரியில் மழுங்கிவிடும். கேமராவில் விரலை வைக்கச் சொல்லும் செயலிகளும் அப்படித்தான். 1996-இல் ஐரோப்பிய, வட அமெரிக்க இதயவியல் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், இந்த அளவீட்டுக்கு நொடிக்கு 250 தடவையாவது மாதிரி எடுப்பது நல்லது என்றது. போன் கேமரா வழக்கமாக எடுப்பது நொடிக்கு 30 படம். இடையில் உள்ளதைக் கணக்குப் போட்டு நிரப்புகிறார்கள். அசையாமல் இருந்தால் ஓரளவு சரியாக வரும், அவ்வளவுதான்.

காதுக் கிளிப் உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால் சும்மா விடாதீர்கள். இணைப்பு அறுவதைப் போனில் வீடியோ எடுத்து, ரசீதோடு எழுதுங்கள். அதற்கும் அதே பதில் வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்யலாம்.

இதற்கிடையில் பயிற்சியை நிறுத்த வேண்டாம், ஏனென்றால் அதற்கு சென்சார் கட்டாயமே இல்லை. இத்தாலியில் லூசியானோ பெர்னார்டியும் குழுவினரும் 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். லத்தீனில் செபமாலை சொல்பவர்களையும் 'ஓம் மணி பத்மே ஹூம்' என்று ஜெபிப்பவர்களையும் அளந்தபோது, இரண்டிலும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 என்று இறங்கியிருந்தது, இதய அலையும் பெரிதாகியிருந்தது. உங்களுக்குப் பழக்கமான ஒரு பாசுரமோ, தேவாரமோ, பிடித்த பாட்டின் இரண்டு வரியோ எதுவானாலும் சரி, வாய்விட்டுச் சொன்னால் வெளிமூச்சு ஆறு விநாடி ஓடுகிற மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் அவசரமில்லாமல் நாலு விநாடி உள்மூச்சு. காலையும் மாலையும் பத்து நிமிடம், காதில் எதுவும் மாட்டாமல். மூன்று வாரம் கழித்து, வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் மார்புப் பட்டையைக் கட்டி அலை வருகிறதா என்று பாருங்கள். அதிலும் வரைபடத்தை மட்டும். மதிப்பெண் வரும் பகுதியை மறைக்க வழியில்லையென்றால் ஒரு காகிதத்தை ஒட்டிவிடுங்கள், தப்பில்லை.

கடைசியாக, துடிப்பு தாண்டுகிற உணர்வு. இதை நான் கருவியின் தலையில் போட மாட்டேன், ஏனென்றால் இதை உணர்ந்தது நீங்கள். ஒரு துடிப்பு சீக்கிரமாக வந்து, அடுத்தது சற்றுத் தாமதமாக வருவது ஆரோக்கியமான பலருக்கும் நடக்கிறது. தூக்கமின்மை, காபி, மன உளைச்சல் எல்லாம் அதைக் கூட்டும். அப்படி வரும்போதும் செயலி சிவப்பு காட்டும், சென்சாரில் எந்தக் குறையும் இல்லாமலே. பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை என்றாலும், ஈசிஜி எடுக்காமல் அதை நானும் சொல்ல முடியாது, செயலியும் சொல்ல முடியாது. உங்களுக்கு மாத்திரை எழுதிய மருத்துவரையே பாருங்கள். ஈசிஜி எடுப்பார், தேவைப்பட்டால் 24 மணி நேரம் மாட்டிக்கொள்ளும் ஹோல்டர் பதிவு கேட்பார். அந்த உணர்வோடு மயக்கமோ, நெஞ்சுவலியோ, மூச்சுத்திணறலோ சேர்ந்தால் நாள் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

புரோப்ரனலால் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மாத்திரை. அதனால் மாத்திரைக்கு முன் ஒரு நாள், பின் ஒரு நாள் என்று அளந்தால் எண்கள் ஒத்துப்போகாது. உங்கள் எண்ணைக் கணவருடைய எண்ணோடு ஒப்பிடவும் முடியாது. செயலியில் நல்ல எண் வரவேண்டும் என்று மாத்திரையைத் தள்ளிப்போடுவதோ திடீரென்று நிறுத்துவதோ கூடவே கூடாது. மருத்துவரிடம் போகும்போது செயலியின் மதிப்பெண் பட்டியலை எடுத்துப்போக வேண்டியதில்லை. எந்த நாள், எந்த நேரம் துடிப்பு தாண்டியது, மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் ஆகியிருந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.